ஞானசம்பந்தன் பிடித்த கொலைகாரன்

டாக்டர் இப்படிப் பொசுக்கென்று செத்துப்போவார் என்று ஞானசம்பந்தன் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு வாய் காப்பி குடித்தார், நெஞ்சைப் பிடித்தார், நாற்காலியோடு சாய்ந்தார், முடிந்தது. பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில் ஞானசம்பந்தனும் கிட்டத்தட்ட அப்படியேதான் சாய்ந்து கிடந்தார். கையிலிருந்த முறுக்கு பாதிக் கடியோடு நின்றுவிட்டது.

யாரும் பதற வேண்டாம். செத்தது தொலைக்காட்சி நாடகத்து டாக்டர். செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஏழரைக்கு வந்த 'படிக்கட்டில் ஒரு குடை' என்ற பதிமூன்று வாரத் துப்பறியும் தொடரில், பன்னிரண்டாவது வாரம் பலியான ஆள். ஆனால் 'டாக்டர்தான் கொலைகாரன்' என்று இரண்டரை மாதமாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்த மனிதருக்கு அது சொந்தத்தில் விழுந்த சாவு மாதிரிதான். போதாக்குறைக்கு, அந்த டாக்டரை நம்பி நெல்லையப்பர் பேரில் ஒரு சத்தியம் வேறு செய்து தொலைத்திருந்தார்.

கதை இதுதான். ஒரு மலை எஸ்டேட். வெளியே மழை கொட்ட, எஸ்டேட் முதலாளி தன் பங்களாவின் உள்படிக்கட்டில் குத்துப்பட்டுக் கிடக்கிறார். பக்கத்தில் ஒரு குடை. டாக்டர், முதலாளியின் தம்பி, கணக்குப்பிள்ளை, கணக்குப்பிள்ளையின் மகன், தோட்டக்காரன் என்று வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவன் முகத்திலும் ஒவ்வொரு தினுசில் திருட்டு முழி. 1994-ஆம் வருஷம் அந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் பெட்டி உண்டு. ஆனால் பார்த்து முடித்துச் சண்டை போட வசதியான கூடம் ஞானசம்பந்தன் வீட்டில்தான் இருந்தது.

சண்டைக்கு வருகிறவர்கள் இரண்டு பேர். எதிர்வீட்டுக் காந்திமதிநாதன் அண்ணாச்சி கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சியம் பத்தாது என்று சொல்லி வாரம் ஒருவரை விடுதலை செய்துவிடுவார். பக்கத்து வீட்டு எலிசபெத் டீச்சர் உவரிக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். அவருக்கு முதலாளியின் தம்பி மேல் சந்தேகம். ஞானசம்பந்தனோ பொதுப்பணித் துறையில் கண்காணிப்பாளர். எந்தக் கால்வாய் மடையை எவன் உடைத்தான் என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கண்டுபிடித்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். டாக்டர் வாரா வாரம் கை கழுவுகிறான், மனசில் கறை இருக்கிறவன்தான் அப்படிக் கழுவுவான் என்பது அவர் கட்சி. டாக்டர் என்றால் கை கழுவத்தானே செய்வார்கள் என்று டீச்சர் கேட்டதும் அவர் முறுக்குத் தட்டை அண்ணாச்சி பக்கம் நகர்த்தினார்.

அவர் மனைவி சண்முகசுந்தரி ஒரு கட்சியிலும் சேரவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். யார் கொலைகாரன் என்று அவளை யாரும் கேட்டதுமில்லை.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு நிஜ வழக்கு நடந்துகொண்டிருந்தது. பெண் மதுமதி பிளஸ் டூ முடித்திருந்தாள். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கூடவே தகப்பனார் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிய தாளும் வந்திருந்தது. ஞானசம்பந்தன் அதைத் தொடவே மாட்டேன் என்றார். பாட்டன் காலத்து வயலையே வாரக் குத்தகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், பெண்பிள்ளை இருநூறு மைல் போய் நாற்று நடப் படிக்க வேண்டுமா, இங்கேயே பி.ஏ. படிக்கட்டும் என்றார். நாற்றும் இல்லை, நடவும் இல்லை. ஆபீஸ் விட்டு வந்து ஸ்கூட்டரை நிறுத்துமுன் கதவைத் திறக்கிறவள் அவள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் பழியை நாற்றின் மேல் போட்டார்.

பதினோராம் வாரம் நாடகம் முடிந்ததும் டாக்டர்தான், டாக்டர்தான் என்று அவர் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, சண்முகசுந்தரி பூண்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அவ்வளவு நிச்சயமாச் சொல்லுதீகளே, டாக்டர் இல்லன்னா மது பேப்பர்ல கையெழுத்துப் போடுவீகளா?"

மூன்றாம் மனிதர்கள் முன்னால் கேட்டுவிட்டாள். பின்வாங்கினால் இரண்டரை மாதக் கௌரவம் போய்விடும்.

"நெல்லையப்பர் சத்தியமாப் போடுதேன். டாக்டர்னு ஆச்சுன்னா நீ அந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

அடுத்த செவ்வாயே டாக்டர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பேனா எடுத்துத் தரவா அண்ணாச்சி என்று டீச்சர் எழுந்தேவிட்டார். ஞானசம்பந்தன் விடவில்லை. முதல் கொலையை டாக்டர் செய்திருக்கலாம், டாக்டரை இன்னொருத்தன் கொன்றிருக்கலாம் என்றார். அப்படியென்றால் பூமியில் செத்த அத்தனை பேர் மேலேயும் கொலைக்குற்றம் சாட்டலாமே என்றார் டீச்சர். இருவரும் காந்திமதிநாதன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"வே சம்பந்தம், செத்தவன் பேருல கேஸ் நடத்த முடியாது. ஆனா செத்துட்டான்ங்கதுக்காக அவன் யோக்கியன்னும் ஆயிராது."

இந்தத் தீர்ப்பு யாருக்கு ஜெயம் என்று அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். முறுக்குத் தட்டு காலியாயிற்று. கடைசியில் சமரசம் சொன்னது சண்முகசுந்தரிதான். பாவம், வேறொரு ஆளைச் சொல்லட்டும், ஆனால் அதுதான் கடைசி, அடுத்த செவ்வாய்க்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு தாராளம் காட்டியதில்லை. அவர் பயந்திருக்க வேண்டும். மாறாக, அவருக்கு நிம்மதியாக இருந்தது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீஸில் கால்வாய்க் கோப்பின் ஓரத்தில் தம்பி, தோட்டக்காரன், கணக்குப்பிள்ளை என்று எழுதி எழுதி அடித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மதுமதியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிய சண்முகசுந்தரி, பரண்மேல் இடது மூலையில் இருக்கும் பித்தளை அண்டாவை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அவர் முனகிக்கொண்டே ஏணி வைத்து ஏறினார். அண்டாவுக்குப் பக்கத்தில், கல்யாணத்தின்போது அவள் பிறந்த ஊரான ஏரலிலிருந்து வந்த அட்டைப்பெட்டி. அதன் மேலே ஒரு பைண்டு புத்தகம். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வைப்பார்கள், அந்த வகை. மனைவியின் கதைப்புத்தகங்களை அவர் இதுவரை கையால் தொட்டதில்லை. மட்டம் என்பது அவர் எண்ணம். இதையும் ஓரமாகத் தள்ளத்தான் எடுத்தார். அட்டையில் 'நனையாத குடை' என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

குடை என்ற சொல்லைப் பார்த்ததும் பிரித்தார். முதல் பக்கத்திலேயே மழை. எஸ்டேட். படிக்கட்டு. படிக்கட்டில் முதலாளி.

ஞானசம்பந்தனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலையைத் தூக்கியதில் உத்தரத்தில் இடித்துக்கொண்டார், வலி தெரியவில்லை. பெயர்களை மாற்றி, தலைப்பை மாற்றி, பழைய தொடர்கதையை அப்படியே நாடகமாக எடுத்திருக்கிறார்கள். டாக்டர் காப்பி குடித்துச் சாகிறது உட்பட எல்லாம் இருந்தது. தூசியில் தும்மிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் விலங்கை எடுக்கிறார். கணக்குப்பிள்ளை கையை நீட்டி, 'ஆமாம், நான்தான் கொன்றேன்' என்கிறார். அதோடு சரி. கீழே 'முற்றும்' இல்லை. பைண்டிங் கடைக்காரன் ஓரம் வெட்டியதில் பல அத்தியாயங்களில் 'தொடரும்' கூடப் பாதிதான் மிஞ்சியிருந்தது. இதிலும் அப்படித்தான் போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

தன் பரணிலேயே விடையை வைத்துக்கொண்டு கீழே பூண்டு உரிக்கிறாளே, படித்ததெல்லாம் மறந்துபோயிற்றே என்று மனைவிக்காக உண்மையாகவே பரிதாபப்பட்டார். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்து, கைத்தடம் தெரியாமல் துண்டால் துடைத்து இறங்கினார். அண்டாவை இறக்க மறந்துவிட்டார். கோயிலிலிருந்து வந்த சண்முகசுந்தரி அண்டா எங்கே என்று கேட்கவேயில்லை. அதையாவது அவர் கவனித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சபையைக் கூட்டினார். கணக்குப்பிள்ளை என்றார். இன்ஸ்பெக்டர் எந்தக் கையால் விலங்கை எடுப்பார், கணக்குப்பிள்ளை என்ன வசனம் பேசுவார் என்பது வரைக்கும் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு மூளை என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். எலிசபெத் டீச்சர் திகைத்துப்போய், இரண்டரை மாதமாகக் கட்டிக் காத்த தம்பியை அங்கேயே கைவிட்டார்.

"அவ்வளவு நிச்சயம்னா பேப்பர்ல இப்பவே கையெழுத்தப் போட்டு அண்ணாச்சிகிட்ட குடுத்து வையிங்க," என்றாள் சண்முகசுந்தரி. "கணக்குப்பிள்ளைதான்னா அவாளே கிழிச்சுப் போட்டிரட்டும்."

ஜெயிக்கப்போகிறவனுக்கு என்ன பயம்? பேனாவைத் திறந்து, தேதி போட்டு, முழுப் பெயரையும் சுழித்து எழுதி நீட்டினார். இனி இது கோர்ட்டுக் காவலில் இருக்கிறது என்று காந்திமதிநாதன் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் நிலையில் சாய்ந்திருந்த மதுமதி அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வை மட்டும் அவரைக் கொஞ்சம் குத்தியது. பிறகு சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய் ஏழரை. கூடம் நிறைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார், ஞானசம்பந்தன் சொன்ன அதே கையால். கணக்குப்பிள்ளை கையை நீட்டினார்.

"ஆமாம், நான்தான் கொன்றேன்."

ஞானசம்பந்தன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கிழித்துப் போடும் அண்ணாச்சி என்றார். காந்திமதிநாதன் தாளை வெளியே எடுத்தார். அப்போது டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி இருக்கிறதே என்றார்.

பெட்டிக்குள் இன்ஸ்பெக்டரும் விலங்கைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மகன்தான் செய்துவிட்டான் என்று பயந்து நீர் பழியை ஏற்கிறீர், வீட்டுக்குப் போம் என்று கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டார். பிறகு அந்தக் குடையைக் கையில் எடுத்தார். அவ்வளவு மழையிலும் குடை நனையவில்லை. கொன்றவர் வெளியிலிருந்து வரவேயில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தவர். இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பி, வாரா வாரம் தட்டில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போன முதலாளியம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

எலிசபெத் டீச்சர் சிலுவைக்குறி போட்டார். ஞானசம்பந்தன் தோளிலிருந்த துண்டு நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. காந்திமதிநாதன் தாளை நீவி மடித்து மதுமதி கையில் கொடுத்தார்.

எல்லாரும் போனபின் ஞானசம்பந்தன் மனைவி பக்கம் திரும்பினார்.

"புஸ்தகத்துல கணக்குப்பிள்ளைன்னுதான இருந்துச்சு?"

"எந்தப் புஸ்தகம்?" என்றாள் சண்முகசுந்தரி.

வாய் தவறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய், அரிசிப் பானைக்கு அடியிலிருந்து நாலு பழுப்புத் தாளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். கடைசி அத்தியாயம். முதலாளியம்மா, காப்பித் தட்டு, எல்லாம் இருந்தது. கீழே 'முற்றும்' என்று முழுசாக இருந்தது. தாளின் ஒரு ஓரம் பிளேடால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

"எப்ப வெட்டுன?"

"மதுவுக்குக் கடுதாசி வந்த அன்னைக்கு."

முதல் வாரமே தனக்குக் கதை தெரிந்துவிட்டது என்றாள். டாக்டரோடு விட்டிருந்தால் நீங்கள் ஆயுசு முழுக்க அப்பீல் பண்ணிக்கொண்டே இருப்பீர்கள், முன்கூட்டியே கையெழுத்து வாங்க வேண்டுமானால் உங்களுக்கு நிச்சயம் வர வேண்டும், அதனால்தான் உங்களைப் பரணில் ஏற்றினேன் என்று அமைதியாகச் சொன்னாள். ஞானசம்பந்தன் கோபப்படலாம் என்று பார்த்தார், வரவில்லை. வந்தது வேறு.

"அவ போயிட்டா வீடு வீடாவா இருக்கும் சுந்தரி?" என்றார்.

சண்முகசுந்தரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்கு மட்டும் அந்த ஏக்கம் இல்லாமலா இருக்கிறது என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தாளை நீட்டினாள். அவருடைய ஆபீஸுக்கு அவர் எழுதுவதுபோல் மதுமதி கையால் எழுதிய லீவு விண்ணப்பம். வியாழன் முதல் நாலு நாள்.

"இதுலயும் ஒரு கையெழுத்துப் போடுங்க. பஸ்ஸுல சீட்டு போன வாரமே போட்டாச்சு."

"ஒங்க ரெண்டு பேருக்குமா?"

"மூணு பேருக்கு. பெட்டியத் தூக்க ஆளு வேண்டாமா?"