முதலில் பயம் வேண்டும்

மாணவர்களின் அச்சத்தை அகற்றி, பள்ளிகளில் மகிழ்ச்சிப் பண்பாட்டை நிலைநாட்டுவது என்று மேலிடம் முடிவு செய்தது. அதற்கான பயிற்சிக்குப் பெரியதாழைப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை சண்முகசுந்தரியும் தூத்துக்குடிக்கு வரவழைக்கப்பட்டார்.

"பிள்ளைகளை அதட்டக் கூடாது!" என்று பயிற்சியாளர் டேவிட்சன் அதட்டினார். ஆசிரியர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். சண்முகசுந்தரி மட்டும் எழுந்தார்.

"சார், எம் பிள்ளைகளுக்குப் பயமே கிடையாது. போர்டுல நான் கணக்கைத் தப்பாப் போட்டா, 'அழிச்சிட்டு மறுபடி போடுங்க டீச்சர்'னு சொல்லுதுக. நான் என்ன செய்யணும்?"

டேவிட்சன் ஆழ்ந்து யோசித்தார்.

"இல்லாத பயத்தை எப்படிப் போக்குவீங்க?"

"போக்க வேண்டாமே சார்."

"அப்போ பயிற்சியால முன்னேற்றம் இல்லன்னு ஆயிருமே! முதல்ல பயத்தை உண்டாக்குங்க. அடுத்த மாசம் வந்து பாக்கேன். பயம் இல்லன்னா உங்களுக்கு மெமோ."

மறுநாள் சண்முகசுந்தரி வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரம்பெடுத்தார். முகத்தைக் கோணி மேசையில் ஓங்கி அடித்தார். வகுப்பு அவரை உற்றுப் பார்த்தது.

"பல்லு வலிக்கா டீச்சர்?" என்றாள் முன்பெஞ்சு பிலோமினா.

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. "ஏ பிள்ளைகளா, நீங்க பயப்படலன்னா என் வேலைக்கே சிக்கல்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அழாதீங்க டீச்சர். நாங்க பயந்து தாரோம்."

பாடங்கள் ஒத்திவைக்கப்பட்டு, நடுங்கும் ஒத்திகை தினமும் நடைபெற்றது. டேவிட்சன் வந்த அன்று வகுப்பு நடுங்கிய நடுக்கத்தில் அவரே ஓரடி பின்வாங்கினார். பிறகு டீச்சர் கையைக் காட்டவும், எல்லாரும் ஒரே குரலில் சிரித்தார்கள். 'அச்சம் முழுமையாக நீக்கப்பட்டது' என்று டேவிட்சன் அறிக்கை அனுப்பினார். முன்மாதிரிப் பள்ளி என்ற விருதும் வந்து சேர்ந்தது.

விருது பெற்ற பள்ளியைப் பார்க்க மேலதிகாரி ஞானபாக்கியம் வந்தார். தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் கைகட்டிச் சுவரோரம் நின்றார்கள். பிலோமினா மரியாதையாக எழுந்தாள்.

"மேடம், நாங்க இப்போ பயப்படணுமா, சிரிக்கணுமா?"

பதில் சொல்ல வாயெடுத்த அதிகாரி சட்டென்று நிறுத்திக்கொண்டார். "கொஞ்சம் இரும்மா" என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார், மேலிடத்தில் கேட்க.

அவர் திரும்பி வரும்வரை, தலைமையாசிரியர் உட்பட எல்லாரும் பாதிச் சிரிப்பில் நின்றார்கள்.