உமிரிக்கீரையும் மஸ்கட் டிக்கெட்டும்

அன்பு மாப்பிள்ளை கிளைட்டனுக்கு,

புன்னைக்காயலிலிருந்து மாமா ரோச் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் அனிஷாவும், நான் இன்னும் தொட்டுப் பார்க்காத பேத்தியும் சுகமாயிருக்க நாள் தவறாமல் ஜெபிக்கிறோம்.

நிற்க. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு மஸ்கட் வர எனக்கும் டிக்கெட் போட்டுவிடலாம். நான் ஜெயித்துவிட்டேன். "பிரஷர் இப்படி இருந்தா பிளேன் ஏற விடமாட்டேன், உப்பைக் குறைங்க" என்று போன மாதம் டாக்டர் சொன்னாரல்லவா? குறைப்பதென்ன, முப்பது வருஷம் தோணியில் உப்பு ஏற்றிப்போன நான் அன்றைக்கே உப்பு ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டு பிளாரன்ஸிடம் கொடுத்துவிட்டேன். கருவாடு கிடையாது, ஊறுகாய் கிடையாது, எல்லாவற்றுக்கும் பதில் உமிரிக்கீரை. மும்பையில் வளர்ந்த உங்களுக்குத் தெரியாது, இங்கே உப்பளக் கரையில் தானாக முளைத்துக் கிடக்கும். காலையில் உமிரித் துவையல், மத்தியானம் பருப்புப் போட்ட உமிரி, ராத்திரி உமிரி வடை. ஒரு கல் உப்புப் போட வேண்டாம், அப்படி ஒரு ருசி. உங்கள் அத்தை அதை அவித்து அவித்துத் தண்ணீரைக் கொட்டுவாள். "ஏளா பிலோமி, சத்தை எல்லாம் சாக்கடையிலயா ஊத்துத?" என்று தடுத்து, அந்தத் தண்ணியையும் வாங்கிக் குடிச்சிட்டேன். "அளவாத் தின்னுங்க, வயித்தால போயிரும்"ன்னா. போகத்தான் செஞ்சுது, கெட்டதெல்லாம் வெளியேறுதுன்னு விட்டுட்டேன். தலை லேசாச் சுத்துது, காலு செருப்புக்குள்ள நுழையல, அது நடை கூடுனதால வந்த வீக்கம். சாயங்காலம் டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்குறதுதான் பாக்கி. ஞானஸ்நானத்தன்று பேத்தியை நான்தான் ஏந்தி நிற்பேன், அங்குள்ள ஃபாதரிடம் இப்பவே சொல்லி வையுங்கள்.

ஆண்டவர் உங்கள் மூவர் தலையிலும் கைவைத்துக் காக்கட்டும். பேத்தியின் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடவும்.

இப்படிக்கு,
பெட்டி கட்டி முடித்த மாமா,
ரோச்

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை பிலோமி எழுதுகிறேன். மாமாவை ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்கு. பயப்படாதீங்க, இப்ப தேவலை. பிரஷர் முன்னைவிடக் கூடி இருநூறாம். "உப்புத் தின்னீங்களா"ன்னு டாக்டர் கேட்டதுக்கு மாதா மேல ஆணையா இல்லைன்னாவ. நான் கீரையைச் சொன்னேன். "அம்மா, அது உப்புத்தண்ணி குடிச்சு வளருத செடி. அவிச்ச தண்ணி முழுக்க உப்புதான்"ன்னு டாக்டர் தலையில கைவச்சிட்டாரு. பிளேன் கிடையவே கிடையாதாம். இவுக செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்து அழுதாவ. பாக்கப் பொறுக்காம, "பிள்ளையைத் தூக்கிட்டு இங்கன வரச் சொல்லி எழுதுதேன், ஞானஸ்நானத்தை நம்ம கோயில்லயே வச்சிக்கிடலாம்"ன்னேன். உடனே எந்திச்சு உக்காந்துட்டாவ. "எழுதுளா, நான் உமிரி தின்னதுனாலதான் பேத்தி ஊருக்கு வாரான்னு எழுது"ங்காவ.