நெருப்பை அணைத்தவர்

மனிதகுல வரலாற்றில் இரண்டே இரண்டு பெரிய நிகழ்ச்சிகள்தான் உண்டு. ஒன்று, யாரோ ஒரு குகைவாசி நெருப்பைக் கண்டுபிடித்தது. இரண்டு, மாற்றம் சார் தமது நான்காவது மாடி வீட்டில் அதை அணைத்தது. முன்னவர் அடக்கமாக இருந்துவிட்டதால் அவர் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. பின்னவர் அந்தத் தவறைச் செய்யவில்லை.

மாற்றம் சார் என்பது அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய தொழிலே மாற்றம்தான். ஓர் அலுவலகத்தில் கணினி மாறினாலும், நாற்காலி மாறினாலும், பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினாலும், மிச்சமிருப்பவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமலிருக்க இவரைக் கூப்பிடுவார்கள். இவர் போய் விளக்கைக் குறைத்து, திரையில் படம் போட்டு, மாற்றத்தை எதிர்க்கும் மனம் ஐந்து படிகள் ஏறுகிறது என்று விளக்குவார். மறுப்பு, கோபம், பேரம், சோகம், ஏற்பு. ஐந்தாவது படியில் ஒரு சூரியன் படம் இருக்கும். அதைப் பார்த்ததும் அரங்கமே கைதட்டும். அதற்கு அடுத்தது பிஸ்கட் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்படி மாற்றத்தையெல்லாம் பிறருக்கே அள்ளிக் கொடுத்துவிட்டதால் அவருக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. சாப்பாட்டு மேசையில் அதே நாற்காலி. கட்டிலில் அதே பக்கம். காலையில் அதே நெளிந்த அலுமினியப் பாத்திரத்தில் கொதித்த டீ. தியாகம் என்றால் இதுவல்லவா தியாகம்.

ஒருநாள் இயக்குநர் அம்மையார் பயிற்சியாளர்களை எல்லாம் கூட்டிவைத்துச் சொன்னார்: "மத்தவங்களை மாத்தினது போதும். உங்க வீட்டுல ஒரு விஷயத்தை மாத்திக் காட்டுங்க. எந்த வீட்டுல எதிர்ப்பு பெரிசா இருக்கோ, அதை யார் அழகா ஜெயிக்கறாங்களோ, அவங்கதான் தலைமை மாற்ற அலுவலர். நானே சாப்பாட்டுக்கு வந்து பார்ப்பேன்."

தலைமை மாற்ற அலுவலருக்குக் கதவு வைத்த அறை உண்டு. மாற்றம் சார் அந்த அறை வழியாகப் போகும்போதெல்லாம் கதவைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் போவார். அப்படி ஒரு காதல்.

அன்று மாலையே வீட்டு சோபாவில் 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூடியது. மனைவியும் பத்தாவது படிக்கும் மகளும் கலந்துகொண்டார்கள். மனைவிக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. ஆட்களைப் பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து, "அசையாதீங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லவேண்டும். ஆக, அந்த வீட்டில் ஒருவர் அசையச் சொல்லிச் சம்பாதித்தார், இன்னொருவர் அசையாதே என்று சொல்லிச் சம்பாதித்தார். நல்ல பொருத்தம்.

"கேஸ் அடுப்பை எடுத்துட்டு இன்டக்‌ஷன் அடுப்பு வைக்கப் போறோம்," என்றார் மாற்றம் சார், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரின் குரலில். "உனக்கு அதிர்ச்சியா இருக்கும். அழணும்னா அழு."

"சரி," என்றாள் மனைவி.

"என்ன சரி?"

"வைங்க. ரொம்ப நல்லது. எப்போ வருது?"

மாற்றம் சார் ஆடிப்போய்விட்டார். இத்தனை வருட அனுபவத்தில் யாரும் முதல் படியில் கால் வைக்காமல் நேராகச் சூரியனுக்குப் போனதில்லை.

"அப்படியெல்லாம் சரின்னு சொல்லக் கூடாது. நீ முதல்ல மறுக்கணும்."

"எதுக்குங்க மறுக்கணும்? போன கோடையில கேட்டது நான். அதுக்கு முந்தின கோடையிலயும் கேட்டேன். வேலை முடிஞ்சு வந்து அந்த அனல்ல நின்னா தலை சுத்துதுன்னு சொன்னேன். பழகினதை எதுக்கு மாத்தணும், டீ ருசி போயிடும்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது வேற. நீ கேட்டது ஆசை. இது நிர்வாக முடிவு."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் வாயிலிருந்து வந்தபோது தொணதொணப்பாக இருந்த அதே வாக்கியம் இப்போது புரட்சியாகியிருந்தது. ஆனால் அவளுடைய வருத்தம், முறைப்படி நான்காவது படியில் வராமல், இரண்டு கோடைகளுக்கு முன்னாலேயே வந்துவிட்ட வருத்தம். அதனால் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

மறுநாளிலிருந்து மனைவிக்கு எதிர்ப்பை வரவழைக்கும் பணி தொடங்கியது.

"இன்னிக்குக் கோபம் வந்ததா?"

"வந்துதுங்க. பஸ்ஸுல ஒருத்தர் காலை மிதிச்சுட்டார்."

"அடுப்பு மேல வந்ததான்னு கேட்டேன்."

"அடுப்பே இன்னும் வரலையே."

"முயற்சியாவது பண்ணு. எனக்காகப் பண்ண மாட்டியா?"

மகளுக்குப் பாவமாக இருந்தது. "அம்மாவுக்குப் பதிலா நான் கோபப்படட்டுமாப்பா? எனக்குச் சும்மாவே வரும்."

"நீ சமைக்கறதில்லை. உனக்குத் தகுதி இல்லை."

"நீங்களும்தான் சமைக்கறதில்லை."

"நான் தலைமை," என்றார் மாற்றம் சார்.

அடுப்பு வந்தது. கறுப்புக் கண்ணாடிப் பலகை, நான்கு வட்டங்கள். நெருப்பு என்ற பேச்சே இல்லை. மாற்றம் சார் அதைத் தொடாமல், ஒரு மரியாதையான தூரத்தில் நின்று, கூட வந்த கையேட்டை உரக்கப் படித்தார். "இதுல பாத்திரம் வைக்கலைன்னா வேலை செய்யாது. கீச் கீச்னு சத்தம் மட்டும் போடும்."

"அது எனக்குப் பழக்கம்தான்," என்றாள் மனைவி.

பழைய அடுப்பும் சிலிண்டரும் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டன. இணைப்பைக் கழற்றும் முன் மாற்றம் சார் ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். உரை முடிவதற்குள் மனைவி குனிந்து சிலிண்டரை மூடிவிட்டிருந்தாள். "இத்தோடு கேஸ் முடிந்தது," என்று அறிவித்துவிட்டு, கையில் ஒட்டாத கரியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது பாத்திரங்களுக்கு நேர்காணல். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இன்டக்‌ஷனில் சூடாகும். ஃபிரிட்ஜ் கதவில் தர்பூசணிக் கீற்று வடிவத்தில் ஒரு காந்தம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாற்றம் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகள் ஒவ்வொரு பாத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஒட்டினா உள்ள. ஒட்டலைன்னா பால்கனி. பழைய பாத்திரக்காரர் வந்து எடுத்துட்டுப் போவார். இதுல சிபாரிசு, இரக்கம், உறவு எதுவும் கிடையாது."

குக்கர் ஒட்டியது. இரும்புச் சட்டி பாய்ந்து வந்து ஒட்டியது. பெரிய அலுமினியக் குண்டான் ஒட்டவில்லை. "இத்தனை காலம் நீங்கள் ஆற்றிய பணிக்கு நன்றி," என்று அதனிடம் சொல்லிச் சாக்கில் போட்டார். அலுவலகங்களிலும் இதே வாக்கியம்தான். அங்கேயும் சாக்குதான் சொல்வார்கள்.

கடைசியாக வந்தது டீ பாத்திரம். காந்தத்தை வைத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"காந்தம் களைச்சுப் போச்சு," என்றார்.

"காந்தம் களைக்காதுங்க. என் வேலையே அதோடதான்."

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்தார், சாய்த்தார், ஊதினார். திடீரென்று முகம் மலர்ந்தது. "பாரு, ஒட்டுது."

"அது கைப்பிடி ஆணி."

"மறுப்பு," என்றாள் மகள் மெதுவாக.

"இந்த அடுப்பைச் செஞ்சவன் என்னிக்காவது ஒரு வாய் டீ குடிச்சிருப்பானா? அறிவில்லை?"

"கோபம்."

"சரி, வேணாம். இதை ஒரு இரும்புத் தட்டு மேல வெச்சு, அந்தத் தட்டை அடுப்பு மேல வெச்சா என்ன? காலையில ஒரு வேளை மட்டும்?"

"பேரம். அப்பா, நீங்க சூப்பரா ஏறறீங்க."

மறுநாள் காலை எவர்சில்வர் பாத்திரத்தில் டீ வந்தது. அதே பால், அதே தூள், போட்டதும் அதே கை. மாற்றம் சார் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "டீ மாதிரிதான் இருக்கு," என்றார் தழுதழுத்து. "டீயா இல்லை."

மனைவிக்கோ தலைகால் புரியவில்லை. சமையலறை குளுகுளுவென்று இருந்தது. பால் வைத்த நிமிஷத்தில் பொங்கியது, பொங்கினதை ஒரே துடைப்பில் துடைத்தாள். வியர்வை சொட்டாமல் சமைக்கலாம் என்பதே அவளுக்குச் செய்தியாக இருந்தது. ஒருநாள் நல்ல பட்டுப்புடவையோடு நின்று சும்மா வெந்நீர் வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "வைக்க முடியுதே, அதுக்குத்தான்," என்று சொல்லி அவளும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவ்வளவு மகிழ்ச்சியான வீட்டை இயக்குநருக்கு எப்படிக் காட்டுவது என்று மாற்றம் சாருக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் டீ பாத்திரம் சாக்கிலிருந்து காணாமல் போனது. அது மாற்றம் சாரின் லேப்டாப் பையில் தினமும் அலுவலகத்துக்குப் போய்வந்தது. அலுவலகத்துக்குக் கீழே டீக்கடை. கடைக்காரர் தம் கேஸ் அடுப்பில் அந்தப் பாத்திரத்தை வைத்துத் தனியாக ஒரு டீ போட்டுக் கொடுப்பார். நெருப்பை அணைத்த அதே கைகள், வழியெல்லாம் அந்தப் பையை அணைத்துக்கொண்டு போயின.

அலுவலகத்தில் அறிக்கை கேட்டார்கள். எதிர்க்கச் சொல்லி எவ்வளவோ கெஞ்சியும் மனைவி ஒத்துழைக்காததால், மாற்றம் சார் கண்ணால் கண்டதை அப்படியே சொன்னார். என் மனைவி காந்தத்தின் மேல் பழி போட்டாள். அடுப்பைச் செய்தவனைத் திட்டினாள். ஒரு வேளைக்காகப் பேரம் பேசினாள். டீயைக் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆளை மட்டும்தான் மாற்றியிருந்தார். மாற்றம்தானே அவர் தொழில்.

ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் அம்மையார் சாப்பிட வந்தார். திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே. டீ பாத்திரத்தை நினைச்சு அழுதீங்களாம்."

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு "தண்ணி கொண்டு வரோம் மேடம்" என்று சொல்லி அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒரே ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் கேக்கறேன். கதவு வெச்ச ரூம்."

"நான் கேட்டு வாங்கினதை நானே எதிர்த்தேன்னு சொல்லணுமா?"

"வீட்டுக்குள்ள உண்மை எங்க போயிடப் போகுது?"

அவள் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அந்த அஞ்சு படியைக் காட்டுங்களேன்," என்றார் இயக்குநர். மாற்றம் சார் உற்சாகமாகப் பையிலிருந்து லேப்டாப்பை உருவினார். கூடவே டீ பாத்திரமும் வந்தது. தரையில் டங்கென்று விழுந்து, ஒரு வட்டம் அடித்து, இயக்குநரின் காலடியில் போய் நின்றது. அடியில் டீத்தூள் ஈரமாக இருந்தது.

"இது யாரோடது?"

"அவளோடதுதான் மேடம். விட மனசில்லாம என் பையில ஒளிச்சு வைக்கறா, பாவம்."

இயக்குநர் மனைவியின் பக்கம் திரும்பினார். மனைவி, ஸ்கேன் சென்டரில் பேசுகிற அமைதியான குரலில் சொன்னாள்: "மேடம், நாங்க படம் எடுக்கறதோட சரி. உள்ள என்ன இருக்குன்னு சொல்றது எங்க வேலை இல்லை. நீங்களே பார்த்துக்கங்க."

பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மாற்றம் சார் ஏற்கெனவே தரையில் மண்டியிட்டிருந்தார். பாத்திரத்தைக் கையில் ஏந்தி, விரலால் தடவி, "ஐயோ, புதுசா ஒரு நெளிவு விழுந்துடுச்சே," என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சோகம்," என்றாள் மகள். "ஏற்பு மட்டும்தான் பாக்கி மேடம்."

இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நம்ம ஆளுங்க எல்லாரும் எதிர்ப்பை வெளியில நின்னு பார்த்தவங்க. நீங்க ஒருத்தர்தான் அதுக்குள்ளயே குடியிருக்கீங்க. இந்த அனுபவம் யாருக்கு இருக்கு? பதவி உங்களுக்குத்தான்." கைப்பையிலிருந்து 'மாற்றத்தின் முன்னோடி' என்று பொறித்த பேட்ஜை எடுத்து அவர் சட்டையில் குத்திவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு மாற்றம் சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார். மகள் தர்பூசணிக் காந்தத்தோடு காத்திருந்தாள். அவர் நெற்றியில் வைத்தாள். விழுந்தது. தோளில் வைத்தாள். விழுந்தது. சட்டைப் பையருகே வைத்ததும் டக்கென்று பிடித்துக்கொண்டது.

"அம்மா, பேட்ஜ் ஒட்டுது. அப்பா ஒட்டலை."

"ஒட்டாததை எங்க வைக்கணும்னு அப்பாதான் சொல்லியிருக்காரே," என்றாள் மனைவி, அடுப்பைத் துடைத்தபடியே.

"விளையாட்டு போதும். எனக்கு என் டீ வேணும். நெருப்புல வெச்சது," என்றார் தலைமை மாற்ற அலுவலர்.

மனைவி துணியை மடித்து வைத்தாள். அலமாரியின் மேல் தட்டிலிருந்து அடுப்பு லைட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"அடுப்பு அங்க இருக்கு. சிலிண்டரை மாட்டி வெச்சுட்டேன். பாத்திரம் உங்க கையில இருக்கு. நெருப்பும் உங்களோடதுதான், நான் ஆசைப்படலை. போட்டுக் குடிங்க."

நெருப்பில்லாமல் டீ இறங்காதவர், இரண்டு கோடையாக அந்த நெருப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்தவர், பிறகு உலகம் வியக்க அதை அணைத்தவர், பால்கனியில் அடுப்பின் முன்னால் போய் நின்றார். லைட்டரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டியும் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் தலையை நீட்டிக் கேட்டார்:

"இதை எப்படிப் பத்த வைக்கறது?"