கனம் பொருந்திய சக்கரம்

உலகில் சக்கரம் இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டது. முதல் முறை யாரோ பெயர் தெரியாதவர் கண்டுபிடித்தார். அதனால் அதற்கு மரியாதை இல்லை. இரண்டாம் முறை நம் பெரியவரின் பட்டறையில், குடும்பத்தார் முன்னிலையில், ஏகமனதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

அது தூண்டில் சக்கரம். நடுவில் ஓர் அச்சு, அதன்மேல் நூல் சுற்றிய வட்டு, அவ்வளவுதான். நூலில் கட்டிய மிதவை ஆற்றோடு போகப் போக வட்டு தானாகச் சுழன்று நூலை விட வேண்டும். 'தானாக' என்ற சொல்லே பெரியவருக்குப் பிடிக்கவில்லை. அவர் வீட்டில் எதுவும் தானாக நடந்ததில்லை.

வருடாந்தரத் தூண்டில் போட்டியில் குடும்பத்தின் சார்பில் மருமகள் இறங்குவதாக ஏற்பாடு. பிறந்த வீட்டில் கோப்பை மேல் கோப்பையாக வாங்கியவள். அதற்காகவே பெண் எடுத்தார்கள். சக்கரம் எப்படி இருக்க வேண்டும் என்று 'ஆலோசனை' நடந்தது.

"கனமா இருக்கணும். நம்ம பேரு அதுல இருக்கு," என்றார் பெரியவர்.

"வட்டு பெருசா இருக்கலாம் மாமா, ஒரு சுத்துக்கு நிறைய நூல் உள்ள வரும். ஆனா எடை ஏறக் கூடாது. ஏறினா சின்ன மிதவை இழுக்கிற இழுப்புக்கு அசையாது. அசைஞ்சிட்டா அப்புறம் நிக்காது. அங்கங்க ஓட்டை போட்டா லேசாயிடும்," என்றாள் மருமகள்.

"ஓட்டையா? நம்ம குடும்பத்துலயா?" பெரியவரின் தம்பி, சின்ன மாமனார், எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்கப்பா சக்கரம் முழுக்க ஓட்டைதான்."

"அதான் அந்த வீட்டு விஷயமெல்லாம் வெளிய வருது!" என்றார் பெரியவர். "தண்ணி இழுத்த பக்கமெல்லாம் சுத்துறதுக்கு நாம என்ன போக்கத்தவங்களா?"

சாப்பாட்டுத் தட்டு அளவில், கெட்டிப் பித்தளையில், புடைத்த குடும்ப முத்திரையோடு சக்கரம் தயாரானது. மருமகள் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"இதை ஆத்துல போட்டா கப்பலே நிக்கும் மாமா. நான் அப்பா சக்கரத்தோடயே இறங்குறேன்."

"இறங்கு. இறங்கினா இந்த வாசல்படி ஏறாத."

அவள் இறங்கினாள். குடும்ப கௌரவத்தைக் காக்கப் பெரியவரும் இறங்கினார்.

அவருடைய மிதவை அவர் காலடியிலேயே பரிபூரணப் பணிவுடன் நின்றது. பக்கத்தில் மருமகளின் மிதவை ஆற்றோடு போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் சக்கரத்துக்கு ஒரு சிறு 'ஊக்கம்' கொடுத்தார். புறப்பட்ட கௌரவம் லேசில் நிற்குமா? மிதவை கேட்காத நூலையெல்லாம் சக்கரம் வாரி வழங்கியது. மணிக்கட்டில் தொடங்கிய சிக்கல் முழங்கையைத் தாண்டியது. சின்ன மாமனார் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

"வெட்டாதடா! குடும்ப நூல்!"

பெரியவர் சிக்கெடுக்கப்பட்டு முடிவதற்குள் மருமகள் கோப்பையை வாங்கிவிட்டாள்.

மாலையில் கூட்டம். ஆற்றின் இழுப்பு குடும்பத் தகுதிக்குப் போதவில்லை என்று ஆற்றுக்குக் கண்டனம் நிறைவேறியது. அடுத்து, மருமகள் குடும்பப் பெயரைக் கெடுத்தது பற்றி.

"கோப்பையில நம்ம குடும்பப் பேருதானேப்பா போட்டிருக்கு?" என்றான் மகன்.

"அதனால அது மட்டும் உள்ள இருக்கட்டும்," என்றார் பெரியவர்.

மகன் ஒரு கையால் கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்தான். மறு கையால் மனைவியின் பெட்டியை வாசலில் வைத்தான். இரண்டையும் ஒரே மூச்சில் செய்து முடிக்க எத்தனையோ தலைமுறைப் பெருமை வேண்டும். வெட்கம் மட்டும் துளிகூட இருக்கக் கூடாது.