தலை பொருத்தும் குழுவின் தீர்மானம்

தலை போன பிறகும் மரியாதை குறையாமல் நிற்கக்கூடியவர்கள் உலகத்தில் இருவர்தாம். ஒருவர் எங்கள் பூம் ஸ்வாய் கிராமத்துக் கோயிலில் இருக்கும் கல் விஷ்ணு. இன்னொருவர் எங்கள் 'தலை பொருத்தும் குழு'வின் தலைவர் கிம் ஹுவோட். அவருக்குத் தலை இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்கள் கிளப்பிவிட்ட வதந்தி.

விஷ்ணுவை ஊரில் யாரும் விஷ்ணு என்பதில்லை. நாலு கைத் தாத்தா என்போம். மழை வேண்டுமென்றால் வாழைப்பழம், அரிசிச் சாராயம், பற்றவைத்த சிகரெட் எல்லாம் வைப்போம். ஏழு வருடத்துக்கு முன்னால் தாத்தாவின் தலையை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. சிமென்டில் ஒரு தலை செய்து, உதட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசி ஒட்டிவிட்டார்கள். முகம் கொத்தனாரின் மாமனார் சாடை. மழை வழக்கம்போல் பெய்தது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. கோயில் காவலாளி பிருனைப் பிடித்து இரண்டு வருடம் உள்ளே வைத்தது. 'குற்றவாளி காவலாளியே' என்ற அறிக்கையைத் தட்டச்சு செய்தவன், இப்போது குழுவின் செயலாளராக இருக்கும் அடியேன். அதில் ஒரு பிழை கிடையாது, ஆதாரமும் கிடையாது. வெளியே வந்த பிருன் இப்போது சாலையோரம் கல்லில் பெயர் பொறித்துப் பிழைக்கிறான்.

இந்த நிலையில் தலைநகர் புனோம் பென்னின் பெரும்புள்ளி, பணக்காரர்களுக்கு அரசு தரும் 'ஓக்ஞா' பட்டம் பெற்ற ப்ராக் சேரெய், அந்தத் தலையை வெளிநாட்டில் 'கண்டெடுத்து' ஊருக்கே வழங்குவதாக அறிவித்தார். எங்கள் ஊருக்கு அவர் வருவது இதுவே முதல் முறையாம். குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில் தேநீர். இரண்டாவதில் முதல் கூட்டத்துக்கு நன்றி. மூன்றாவதில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம்: 'தலையைத் தொட்டு வள்ளல் உதிர்க்கும் முதல் வாக்கியம், ஓர் எழுத்தும் மாறாமல் கல்லில் பொறிக்கப்பட்டு, சிலையின் காலடியில் நிறுவப்படும்.'

அந்தக் கூட்டத்துக்குள் பிருனின் அக்கா தாவ்ரி கூடையோடு நுழைந்தாள். சந்தையில் நூடுல்ஸ் விற்பவள்.

"ஐயா, அந்தக் கல்லுல ஒரு ஓரமா 'பிருன் திருடலை'ன்னு ஒரு வரி போடுங்க. திருட்டுப் பட்டத்தோட இருக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"இது தலை பொருத்துற குழும்மா," என்றார் தலைவர். "மானம் பொருத்துறது வேற குழு."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் அமைக்கலை."

ஆனாலும் தாராள மனசு. கல்லைப் பொறிக்கும் வேலையைப் பிருனுக்கே கொடுத்தார். அவன்தான் மலிவு.

விழா நாள் வந்தது. சிமென்ட் தலையைக் கழற்றிவிட்டு, நிபுணர்கள் அசல் தலையை ஏற்றினார்கள். அது உட்காரவில்லை. முன்னால் சாய்ந்தது, பின்னால் சாய்ந்தது. நிபுணர்கள் அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள்.

"எங்க சிமென்ட் மாமனாரு ஒரே தடவையில உக்காந்தாரே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வெயில் ஏறியது. பிக்குகள் விசிறிக்கொண்டார்கள். ஓக்ஞாவுக்குப் பொறுமை போய்விட்டது. சாரத்தில் விறுவிறுவென்று ஏறி, தலையைத் தொட்டு, வாய் மலர்ந்தார்:

"இடது பக்கமாத் திருப்பி வைங்கய்யா! அந்தப் பக்கந்தான் நேரா அறுபடலை, ரம்பம் உடைஞ்சுபோச்சு!"

திருப்பி வைத்தார்கள். தலை கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் பிறகுதான் கூட்டத்துக்கு உறைத்தது. கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன.

தலைவர் என் காதருகே ஓடிவந்தார். "யோவ், அது வேணாம். அமைதி, சமாதானம்னு ஏதாவது போட்டுக்க."

"ஓர் எழுத்தும் மாறக்கூடாதுங்க ஐயா. தீர்மானம். கீழே உங்க கையெழுத்து."

சொல்லும்போது எனக்குப் பயம் பாதி, சந்தோஷம் பாதி. ஏழு வருடமாக நான் பிருனின் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

தாவ்ரி தம்பியிடம் உளியை நீட்டினாள். "பொறிடா. பெரிய எழுத்தா."

பிருனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நாலு கைத் தாத்தாவின் காலடியில் அந்த வாக்கியமும், அதன் கீழே ஓக்ஞாவின் பெயரும் பட்டங்களோடு இருக்கின்றன. குழுவின் சார்பில் நன்றியுரை ஒன்றையும் நானே எழுதிச் சேர்த்தேன்: 'எங்கள் தாத்தாவின் கழுத்தை இவ்வளவு நெருக்கமாக அறிந்த பெருமகன் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை.'