மூத்தவன் பிரிக்க, இளையவன் எடுக்க

"உங்க ரெண்டு பேர்ல மூத்தவரு யாரு?" என்று சர்வேயர் பாக்கியராஜ் கேட்டார்.

"நான்தான்" என்றான் தங்கமுத்து.

"நான்தான்" என்றான் மலைச்சாமி.

சர்வேயர் எழுதப் போன பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். திண்டுக்கல் தாலுகாவில் பதினோரு வருஷமாக நிலம் அளக்கிறவர் அவர். மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். எடுக்கிறவனுக்குத்தான் லாபம். மூத்தவனாகப் பிறந்து தொலைத்தோமே என்று அலுத்துக்கொண்ட எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். நஷ்டமான இடத்துக்கு இரண்டு பேர் முட்டிக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள். சின்னாளப்பட்டிக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் அவர்கள் பிறந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. எவன் முந்தி வந்தவன் என்று வீட்டில் சொல்ல ஆளில்லை. ஆத்தா மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பனோ யார் கேட்டாலும் "ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்" என்று சொல்லியே காலத்தை ஓட்டி, ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரும் கண்ணை மூடினார். அந்த வருஷம் முத்தாலம்மன் கோயிலில் மூத்தவனுக்கு உரிய முதல் திருநீற்றுக்கு இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தட்டையே கவிழ்த்தார்கள். பிறகு ஊர் கூடி, வருஷத்துக்கு ஒருவன் என்று முறை வைத்தது.

ஊர் திருநீற்றுக்கு முறை வைத்தது. வாய்க்கு யார் முறை வைப்பது? தங்கமுத்துவுக்குச் சின்ன வயசிலிருந்தே ஓர் ஆசை. மலைச்சாமி ஒரே ஒரு தடவை தன்னை "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். ஏர் பூட்டும்போது, சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டை தூக்கும்போது, எப்போதாவது வாய் தவறியாவது சொல்லிவிட மாட்டானா என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டே நாற்பத்தைந்து வயசைத் தொட்டுவிட்டான். மலைச்சாமி "இந்தா" என்பான். இவனும் பதிலுக்கு "இந்தா" என்பான். இந்த 'இந்தா'விலேயே இரண்டு கல்யாணமும் ஐந்து பிள்ளைப்பேறும் நடந்து முடிந்தன.

இப்படி இருக்கையில்தான் இந்தத் தை மாசம், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மலைச்சாமி தாலுகா ஆபீசில் பாகப் பிரிவினைக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்தான். அப்பன் விட்டுப்போன ஐந்து ஏக்கரில் பாதி, மழையை நம்பிச் சோளம் போடுகிற மேட்டுக்காடு. மறுபாதி, கிணற்றடித் தோட்டம். கத்தரியும் வெங்காயமும் ஒரு வரிசைக் கனகாம்பரமும் அதில் உண்டு. இதை அளந்து, உட்பிரிவு போட்டு, நடுவில் கல் நட்டு, ஆளுக்கொரு பட்டா தரவேண்டும் என்பது மனு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே என்று ஊர் சொல்லிக்கொண்டது.

"எந்தப் பக்கம் யாருக்குன்னு ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் கல்லு நட முடியும். அடுத்த மாசம் வாரேன். பேசி முடிச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டு, சர்வேயர் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலம் தங்கமுத்துவின் பெண்சாதி கருப்பம்மாள் ஒரு சேதி கொண்டுவந்தாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மலைச்சாமியின் பெண்சாதி ராமுத்தாய் சொன்னாளாம். பங்கு கைக்கு வந்ததும் விற்றுவிட்டு, ஆயக்குடியில் தன் அப்பனுடைய கொய்யாத் தோப்புக்கே குடிபோய்விடப் போகிறார்களாம்.

தங்கமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் ஒருத்தன் மாடு பூட்டிக் கவலை இறைக்க, ஒருத்தன் மடை திருப்ப என்றே முப்பது வருஷம் ஓடியிருக்கிறது. மடையில் நிற்பவன் வாயைத் திறக்காமலே கவலையில் நிற்பவனுக்கு எப்போது மாட்டை நிறுத்த வேண்டும் என்று தெரியும். நாளைக்கு ஒரு கூலியாள் மடையில் நின்று "போதும், நிறுத்துங்க" என்று கத்துவதை அவன் நினைத்துப் பார்த்தான். நினைக்கவே பிடிக்கவில்லை.

யோசித்து யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கிணற்றுப் பக்கம் மலைச்சாமிக்குப் போய்விட வேண்டும். மேட்டுக்காட்டை எவனும் விற்பான். வற்றாத கிணற்றை விற்க எவனுக்கு மனசு வரும்? ஆகவே தான் மூத்தவனாக நின்று பிரித்து, அவனை முதலில் எடுக்க வைத்தால் தீர்ந்தது. எடுக்கச் சொன்னால் கிணற்றை விட்டுவிடுவானா என்ன?

மறுநாளே கயிறும் முளைக்குச்சியும் எடுத்துப் போனான். பாதியாகப் பிரித்தால் போதாதென்று, கிணற்றுப் பக்கத்துக்கு இருபது சென்ட் கூடவே ஒதுக்கிக் கயிற்றைக் கட்டினான். மலைச்சாமியைக் கூட்டிவந்து காட்டி, "பிரிச்சாச்சு. எடுத்துக்க" என்றான்.

மலைச்சாமி கயிற்றோரமாக முழுசும் நடந்து பார்த்தான்.

"நல்லாத்தான் பிரிச்சிருக்க" என்றான். "ஆனா பிரிக்கிறது என் வேலையில்ல? நீ செத்த தள்ளி நில்லு."

முளைக்குச்சிகளை எல்லாம் பிடுங்கி, கிணற்றுப் பக்கத்துக்கு முப்பது சென்ட் கூடுதலாக விட்டு அவன் ஒரு கயிறு கட்டினான். கட்டிவிட்டு, "இப்ப நீ எடு" என்றான்.

தங்கமுத்து அதைப் பிடுங்கினான். நாற்பது சென்ட் விட்டான். ஒரு வாரத்துக்குள் கயிறு நகர்ந்து நகர்ந்து மேட்டுக்காட்டின் நடுவுக்கே வந்துவிட்டது. முளைக்குச்சியோடு குறுக்கே நடந்து நடந்து தோட்டத்து வெங்காயத்தில் கால்வாசி நாசமாயிற்று. இரண்டாம் தடவை வந்த சர்வேயர், ஐந்து ஏக்கரில் பதினேழு குழியைப் பார்த்துவிட்டு, இங்கே புதையலா தேடுகிறீர்கள் என்று கேட்டார். பாகத்தில் தகராறு என்று எழுதிக்கொண்டு போனார்.

சரி, சர்க்கார் கணக்கில் இருக்குமே என்று தங்கமுத்து கிராம முன்சீப்பிடம் போய் நின்றான். பழைய பிறப்புக் கணக்கைத் தேடி எடுத்துத் தூசி தட்டினால், "ஆண், இரண்டு" என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. வந்ததுதான் வந்தான், இத்தோடு திரும்பியிருக்கலாம். முன்சீப் உபகாரம் செய்கிறேன் என்று, வயது மூப்பு விளங்கவில்லை என்று தாலுகா ஆபீசுக்கு ஒரு தாள் எழுதிப் போட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இருவரும் நேரில் வரவேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

திண்டுக்கல் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே இருக்கையில் இடம். தங்கமுத்து கண்டக்டரிடம், "அண்ணே, ரெண்டு டிக்கெட்" என்றான். கண்டக்டருக்கு இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். மலைச்சாமி சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டான். செத்த நேரத்தில் தூங்கி, தலை தங்கமுத்துவின் தோளில் வந்து சாய்ந்தது. தங்கமுத்து திண்டுக்கல் வரும்வரை தோளை அசைக்கவில்லை. பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன என்று இருந்தது. இவன் ஆயக்குடிக்குப் போய்விட்டால் இந்தத் தோளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அதைத் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

ஆபீசில் குமாஸ்தா தெளிவாகச் சொல்லிவிட்டார். யார் மூத்தவர் என்பது சர்க்காருக்கு வேண்டியதே இல்லை, சம்மதம்தான் வேண்டும். மூன்றாம் தடவையும் சம்மதம் இல்லையென்றால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

கோர்ட் என்றதும் தங்கமுத்து எழுந்துவிட்டான். கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பி பிறகு ஒரே பஸ்ஸில் எங்கே ஏறப் போகிறார்கள்? ஊர் திரும்பியதும் கடைசி முயற்சியாக மருத்துவச்சி பேச்சாயி வீட்டுக்குப் போனான். இருவரையும் கையில் வாங்கியவள் அவள்தான். வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டாள்.

"இம்புட்டு வருசமா இல்லாம, இப்ப என்னப்பு ஒங்க ரெண்டு பேருக்கும் இந்தச் சந்தேகம்?"

சொல்லமாட்டேன் என்று ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, அதற்குமேல் வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். செத்துப்போன அப்பனுக்குத்தான் பண்ணியிருப்பாள், அந்தச் சத்தியத்தை உடைக்கச் சொல்ல முடியுமா? தங்கமுத்து எழுந்து வந்துவிட்டான்.

சித்திரையில் சர்வேயர் மூன்றாம் தடவையாக வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தத் தடவை இரண்டு எல்லைக் கல்லையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வேடிக்கை பார்க்க ஊரே வரப்பில் உட்கார்ந்திருந்தது.

"இதான் கடைசி" என்றார் சர்வேயர். "யாருய்யா மூத்தவரு?"

"நான்தான்" என்றான் மலைச்சாமி.

ஊர் தங்கமுத்துவைப் பார்த்தது. தங்கமுத்து கிணற்றைப் பார்த்தான். கவலை மாடுகள் இல்லாமல் அது வெறிச்சென்று கிடந்தது. வழக்கமாக வருகிற 'நான்தான்' நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினான். எந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று ஆயுசு பூராவும் ஏங்கினானோ, அதைத் தானே சொல்லிவிட்டால் இனி இந்த ஜன்மத்தில் கேட்கப் போவதில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் ஆசை பெரிதா, ஆள் பெரிதா?

"ஆமா சார்" என்றான் தங்கமுத்து. தொண்டையைச் செருமிக்கொண்டு மலைச்சாமியின் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீ பிரி. நான் எடுத்துக்கிறேன்."

மலைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சார் காதுல விழுந்திருக்காது" என்றான் கடைசியில். "இன்னொருவாட்டி சொல்லு."

விழுந்ததய்யா, நன்றாகவே விழுந்தது என்று சர்வேயர் சொன்னதை அவன் கவனிக்கவே இல்லை.

"அண்ணே" என்றான் தங்கமுத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக. "எனக்கு மேட்டுக்காடு போதும். கெணத்துப் பக்கம் ஒனக்கு."

சர்வேயர் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார். அவர் நான்கு எழுத்து எழுதுவதற்குள் மலைச்சாமி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கல்லும் வேண்டாம், உட்பிரிவும் வேண்டாம், மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டான். சர்வேயருக்குக் கோபம் பொங்கியது. மூன்று தடவை சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்ததையும், இரண்டு கல்லுக்கு வண்டி பிடித்ததையும் அவர் சொல்லிச் சொல்லி அங்கலாய்க்க, மலைச்சாமி அவருக்கு இளநீர் வெட்டப் போய்விட்டான். போகிற போக்கில் எதற்கோ சிரித்துக்கொண்டு போனான்.

தங்கமுத்துவுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. பங்கே வேண்டாம் என்கிறான் என்றால் என்ன அர்த்தம்? அவ்வளவு வெறுத்துவிட்டதா? நிலத்தையும் விட்டுவிட்டுக் கட்டிய துணியோடு கிளம்பப் போகிறானா? சொன்ன சொல்லும் போய், கொடுத்த கிணறும் போய், கடைசியில் ஆளும் போகப் போகிறான் என்று நினைத்தான். ஊர் கலைந்து போய்க்கொண்டிருந்தது. வேப்பமரத்து நிழலில் ராமுத்தாய் எல்லாருக்கும் கம்பங்கூழும் மொச்சை வெஞ்சனமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளிடம் போய் நின்றான். நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் கூழ்ப்பானையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எப்பத்தா ஆயக்குடிக்குக் கெளம்புறீக?"

ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இளநீர்க் குலையோடு வருகிற புருஷன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆயக்குடிக்கு யாரு போறா பெரிய மாமா? அது அவரு சொல்லச் சொன்ன பேச்சு. நீங்கதான் மூத்தவுகன்னு பொங்கலன்னைக்குப் பேச்சாயிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டு வந்தாரு. மறுநாளே, ஒரு தடவையாச்சும் ஒங்க வாயால அண்ணேன்னு கேட்டுரணும்னுதான் அந்த மனுவை எழுதிப் போட்டாரு."