'நான் எதுக்கு இருக்கேன்' அண்ணன்

குடும்பத்துக்கு ஒருவராவது இந்த இனத்தில் பிறந்துவிடுகிறார். மூத்தவராக இருப்பார், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியிருப்பார், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், ஒன்று எழுதாமல் போனால் என்ன செய்வது? கல்யாண வேலையை ஈவென்ட்காரர்களிடம் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்செடுத்துப் பாருங்கள். வாக்கியம் முடிவதற்குள் கேட்பார்: "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

மூக்கண்டப்பள்ளி முனிவேல் இந்த இனத்தின் முதல் தரம். தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகத் தரப் பரிசோதனை செய்பவர், வேறு எப்படி இருப்பார்? தங்கை அனுப்ரியாவுக்கு மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் மாப்பிள்ளை அமைந்ததும், பொற்கொடி என்ற கல்யாண ஒருங்கிணைப்பாளரை அவள்தான் வீட்டுக்கு வரவழைத்தாள். முனிவேல் அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். கரண்ட் போனால்? ஜெனரேட்டரும் நின்றால்? மாப்பிள்ளை கார் எல்லை நெரிசலில் மாட்டினால்? பதில்களையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேங்க" என்று அனுப்பிவைத்தார்.

"இதெல்லாம் நமக்குத் தெரியாததா?" என்றார் பிறகு, நோட்டைத் தட்டி.

புது மெஷினை டிரையல் பார்க்காமல் ஓட்டுவார்களா? கல்யாணத்தை மட்டும் எப்படி ஓட்டுவது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான மண்டபத்தில் சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் கூட்டி, நூற்றெழுபத்து நான்கு வேலைகள் கொண்ட பட்டியலைச் சுவரில் ஒட்டி, வாசலில் தமிழுக்கு ஒருவர், கன்னடத்துக்கு ஒருவர், தெலுங்குக்கு ஒருவர், கும்பிடுவதற்கென்று தனியாக ஒருவர் என நிறுத்தி, முனிவேல் விசில் ஊதினார். மணப்பெண் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அனுப்ரியா கையில் ஸ்டாப்வாட்ச். அவள் இடத்தில் வெள்ளையம்மா அத்தை. மாப்பிள்ளையாக அத்தையின் வீட்டுக்காரர் கங்கப்பன் மாமா.

"நாப்பது வருஷம் கழிச்சு மறுபடியும் இவளேவாப்பா?" என்றார் மாமா.

"உங்களுக்கு இதுவே அதிகம்" என்றாள் அத்தை.

எல்லாம் பிரமாதமாக ஓடியது. எவ்வளவு பிரமாதம் என்றால், நல்ல நேரம் தொடங்குவதற்குப் பதினொரு நிமிஷம் முன்பே மாமா தாலி கட்டி முடித்துவிட்டார். முனிவேல் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

"சரி, பொண்ணு கையில பொரி போடணுமே, அண்ணன்காரன் எங்க?" என்றார் மாமா.

முனிவேல் பட்டியலை ஓடிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும், வண்டிகளை ஒதுக்க வேண்டும், இரண்டாம் பந்திக்கு இலை போட வேண்டும். மேடையில் மட்டும் அவர் பெயர் இல்லை.

"ராஜ்குமாரைப் போட்டுடலாம்" என்றார்.

ஸ்டாப்வாட்ச் நின்றது. "ராஜ்குமார் எனக்கு யாருண்ணா?"

"எங்க டிபார்ட்மென்ட். நல்ல பையன்மா, லீவே போட மாட்டான்."

"அப்ப அவரே அண்ணனா நின்னு என்னை அனுப்பி வைக்கட்டும். நீ போய் டீசலைப் பாரு." அவள் குரல் உடைந்தது.

மண்டபத்தில் அவரவர் வேலை அப்படியே நின்றது. கும்பிடுகிறவர் மட்டும், நிறுத்தச் சொல்லாததால், கும்பிட்டுக்கொண்டே இருந்தார். முனிவேல் சுவரிலிருந்த பட்டியலைக் கிழிக்கவில்லை. நான்கு மூலையும் மடங்காமல் உரித்து, சுருட்டி, அக்குளில் வைத்துக்கொண்டு பொற்கொடிக்குப் போன் போட்டார்.

"வாங்கம்மா, நீங்களே எடுத்து நடத்துங்க. எனக்கும் ஏதாவது ஒரு வேலை குடுங்க."

"உங்களுக்கு ஒரே வேலைதாங்கண்ணா. தங்கச்சி பக்கத்துல நிக்கணும்."

"எத்தனை மணியில இருந்து?"

"ஆரம்பத்துல இருந்து, முடியற வரைக்கும்."

முனிவேல் எழுதிக்கொண்டார். பிறகு தயங்கிக் கேட்டார்: "எனக்கு ரிலீவர் யாருங்க?"

"அதுக்கு ஆள் மாத்த முடியாதுங்கண்ணா."

சிரிப்பு வருகிறதா? நல்லது. ஆனால் அத்தனை பேர் வந்த டிரையலில் மத்தியானச் சாப்பாட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எங்கும் எழுதவில்லையே என்பது உங்களை நடுவில் எங்காவது உறுத்தியிருந்தால், கொஞ்சம் ஜாக்கிரதை. உங்கள் வீட்டிலும் யாரோ, உங்களுக்குத் தெரியாமல், ஒரு பொற்கொடியின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார்கள்.